அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்

பத்து மதிப்பெண் கேள்விக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். எதிர்வீட்டுப் பெண் போன வாரம் அறிவியல் புத்தகத்தோடு வந்து அதையே கேட்டாள். எனக்குத் தெரியாது, போய் உன் டீச்சரைக் கேள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறை எனக்காக. அதற்கு முந்தின வருஷம் இன்னொருத்திக்காக. எனக்காக எழுதியதில் என்ன கேள்வி வந்தது என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. மற்றது மட்டும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு அங்கே நஞ்சை நிறைய. அந்த வருஷங்களில் அறுப்பு வந்தாலே எங்கள் பக்கத்தில் தகராறுதான். கூலி நெல்லைக் கூட்டிக் கொடு என்று கீழத்தெரு ஆட்கள் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர்களை வயலில் இறங்கவிடாமல் கீழத்தெருவே வரப்பில் வந்து நிற்கும். போலீஸ் வேன் வரும். ஆட்சி மாறிவிட்டது, இனிமேல் எல்லோரும் சமம் என்று மேடை போட்டுப் பேசியவர்கள் ஊரில் இரண்டு கொடிக்கம்பம் நட்டதோடு சரி, அறுப்பு நேரத்தில் ஒருத்தரையும் காணோம்.

அந்த வருஷம் மாசியில், தாளடி அறுப்பின்போது, எங்கள் வயலில் அப்படி ஒரு தள்ளுமுள்ளு. அதில் கீழத்தெருப் பெண் ஒருத்திக்கு வலது கை மணிக்கட்டு உடைந்துபோனது. கூட்டத்தில் நின்ற அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நான் ஒன்பதாவது. கீழத்தெருவிலிருந்து அந்த வகுப்பு வரைக்கும் வந்த முதல் பெண் அவள்தான். அப்பாவின் நிலத்தைக் கவனித்துக்கொண்ட காரியக்காரர் அவள் கையில் தடியால் அடித்தார் என்று கீழத்தெருவில் பேச்சு. வரப்பில் வழுக்கி விழுந்தாள் என்று எங்கள் வீட்டில் பேச்சு. தாசில்தார் முன்னால் சமாதானம் பேசினார்கள். வழுக்கித்தான் விழுந்தாள் என்று எழுதிய காகிதத்தில் அவளுடைய அப்பா கைநாட்டு வைத்தார். நானும் அதைத்தான் நம்பினேன். பெற்ற அப்பனே சொன்ன பிறகு வேறு என்ன என்று நினைத்தேன்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் படுக்க வைத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முழங்கையிலிருந்து கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். அந்த வார்டில் இருந்த நர்ஸ் ஒருவர் அவளிடம், பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு வா, நர்ஸ் பயிற்சிக்கு எப்படி மனுப் போடுவதென்று நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, இவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பாடங்கள் எப்படியும் தேறிவிடும். அறிவியல்தான் உதைக்கும். அதில் கோட்டை விட்டால் அந்த வருஷம் பயிற்சி கிடையாது, அடுத்த வருஷம் வரைக்கும் அவளைக் கல்யாணம் பண்ணாமல் வீட்டில் வைத்திருக்கவும் மாட்டார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. கட்டுப் பிரிக்க அதற்கு மேலும் ஆகும் என்றார்கள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் மேலே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். எழுதுகிறவர் கீழ் வகுப்பாக இருக்க வேண்டும், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். ஒன்பதாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். தலைமையாசிரியர் தயங்கித் தயங்கித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"எழுதட்டுமே. நம்ம வீட்டுப் பொண்ணே எழுதிக் குடுத்துச்சுன்னு நாலு பேரு சொல்லட்டும்" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் ஒன்பதாம் வகுப்புக்காரி போய் உட்காருவதென்றால் சும்மாவா. புதுப் பேனா வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் சோதனைச்சாலையில் ஒரு மணி நேரம் அறிவியல் டீச்சர் எங்களைப் பழக்கினார். முதல் நாள் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் அவள் உட்கார மாட்டாள். டீச்சர் இரண்டு அதட்டல் போட்ட பிறகு ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். உன்னைவிடப் பெரியவள், அக்கா என்று கூப்பிடு என்று எனக்கும் ஓர் அதட்டல். எனக்கு நாக்கு எழவில்லை. கீழத்தெருவில் தலை நரைத்தவர்களைக்கூட வா, போ என்று பேசியே பழகிய வாய். இப்போது எழுதும்போதும் பாருங்கள், அவள் இவள் என்றுதான் வருகிறது. அவள் என்னைப் பாப்பா என்பாள். அவளுடைய அப்பா என் அப்பாவை ஆண்டே என்று கூப்பிடுவார். பள்ளிக்கூடம் போனவள் என்பதால் இவள் ஐயா என்பாள். படிப்பு அந்த அளவுக்குத்தான் உதவியிருந்தது.

அவளுக்குப் பாடமெல்லாம் கையில் இருந்தது. எழுதி எழுதியே படித்தவள். வாயால் சொல் என்றால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவாள். எங்கே விட்டோம் என்று தெரியாமல் விழிப்பாள். நான் எழுதியிருப்பதை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எட்டிப் பார்க்கவும் கூச்சம். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனி மட்டும் பெஞ்சின் மேல் எதையோ எழுதிப் பார்க்கும். நான் பேனாவை வைத்துவிட்டுக் கொட்டாவி விடுவேன். எனக்குப் பொறுமை என்பது அப்போதே கிடையாது.

பெரிய கேள்விக்கு எப்படி எழுத வேண்டும் என்று டீச்சருக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் இரண்டு வரியில் அது என்ன என்று சொல்ல வேண்டும். பிறகு படம். படத்தில் பாகங்களைப் பேனாவால் குறிக்க வேண்டும். பிறகு வேலை செய்யும் விதம், தனித்தனிப் பத்தியாக. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்றைத் தினமும் சொல்வார்.

"படமும் பதிலும் ஒத்துப் போகணும். படத்துல ஒண்ணு, பதில்ல ஒண்ணுன்னு இருந்துச்சுன்னா திருத்துறவங்க ரெண்டுக்கும் சேத்து சுழி போட்டுடுவாங்க."

அவள் தினமும் தலையாட்டுவாள்.

வரக்கூடிய பெரிய கேள்விகள் என்று பத்தை டீச்சர் பொறுக்கிக் கொடுத்தார். அதில் இதயம் இல்லை. போன வருஷம் கேட்டாயிற்று, இந்த வருஷம் வராது என்றார். எனக்கு அந்தப் பாடமே கிடையாது, அது பத்தாவதில்தான் வரும். ஆனால் அவள் இதயத்தைத் தலைகீழாகப் படித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மேஜைக்குப் பின்னால் பெரிய இதயப் படம் மாட்டியிருந்ததாம். வலி தெரியாமல் இருக்க நாலு நாளும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளாம். அது வந்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன் என்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பரீட்சை அன்று எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். வாலிபால் வலையும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த அறை. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சூப்பர்வைசர் ஒருவர். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுகிறவர். அது சொல்றத மட்டும் எழுது, ஒன் மண்டையில இருக்கறது ஒரு எழுத்துகூட பேப்பர்ல வரக் கூடாது, வந்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவேன் என்றார். தமிழும் கணக்கும் அப்படியே நல்லபடியாகப் போய்விட்டன. அறிவியல் அன்றைக்குத்தான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது.

ஆக்சிஜன் தயாரிக்கும் முறையைக் கேட்டிருந்தார்கள். அது ஒன்பதாவதிலும் உண்டு, எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொட்டாசியம் குளோரேட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் பதற்றத்தில் கால்சியம் என்றாள். நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புருவத்தை உயர்த்தினேன். இருமிக்கூடப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தால்தானே. தரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். கால்சியம் என்றே எழுதினேன். என் கையாலேயே தப்பை எழுதும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன், உதவி செய்யத்தான் கூடாது. இது என்ன நியாயம் என்று அந்த மனிதர் மேல் ஆத்திரம், அதைவிட அவள் மேல் ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தோடுதான் பத்து மதிப்பெண் கேள்விக்கு வந்தேன். இதயத்தின் அமைப்பைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வேலை செய்யும் விதத்தை விளக்குக. படித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தனை நாளில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாம்பழம் மாதிரி போடுங்க பாப்பா. கொஞ்சம் சாஞ்சாப்புல. உள்ள நாலு ரூம்பு."

போட்டேன். மேலேயிருந்து இடது கை விரலால் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினாள். இங்கேயிருந்து ஒரு பெரிய குழாய், இப்படி வளைந்து, அங்கே இரண்டு சின்னக் குழாய். அவள் காட்டிய இடத்திலேயே எல்லாவற்றையும் வரைந்தேன். எனக்கே படம் அழகாக வந்ததாகத் தோன்றியது. பிறகு பாகங்கள். மேல் அறை இரண்டும் ஆரிக்கிள், கீழ் அறை இரண்டும் வென்ட்ரிக்கிள், வலது ஆரிக்கிள்னு குறிங்க என்றாள். என் வலது கைப் பக்கம் இருந்த அறைக்குக் கோடு இழுத்துப் பேனாவால் எழுதினேன். கையோடு கையாக அதற்குக் கீழே வலது வென்ட்ரிக்கிள், அந்தப் பக்கம் இரண்டுக்கும் இடது. முத்து முத்தாக எழுதினேன்.

"பாப்பா" என்றாள்.

"என்ன?"

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சட்டுனு சொல்லு" என்றேன்.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். என்ன, தப்பா எழுதிட்டாளா என்று அவளைக் கேட்டார். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இல்லீங்க சார். நான் சொன்னபடிதான் எழுதினாங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து என்னிடம் மெதுவாக, "நீங்க போட்டதே இருக்கட்டுங்க" என்றாள்.

நான் போட்டது இருக்காமல் பின்னே என்ன என்று நினைத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் சொல்வேன் என்றவள் அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் கண்ணை மூடி யோசித்தாள். நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தம் என்று சொல்லிவிட்டு நின்றாள். என் படத்தைப் பார்த்தாள். வலது ஆரிக்கிளுக்கு வருகிறது என்றாள். மறுபடி படம், மறுபடி ஒரு வரி. இதற்கே அரை மணிக்கு மேல் போய்விட்டது. இதைத்தான் தலைகீழாகப் படித்தாளாக்கும் என்று மனதுக்குள் பழித்துக்கொண்டே எழுதினேன். கடைசியில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் நாலைந்து எழுத நேரமில்லாமல் நின்றுபோயின.

மணி அடித்ததும் ஒரு பாரத்தை நீட்டினார் சூப்பர்வைசர். சொன்னதைத்தான் எழுதினார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் அவள் அதில் ஒப்பமிட வேண்டும். அன்றைக்கு அவள், இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறேன், போடட்டுமா என்று கேட்டாள். கோணலாக வரும், கைநாட்டே போதும் என்று மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார். அவள் இடது கட்டை விரலை அழுத்திவிட்டு, மையைப் பாவாடையில் துடைக்காமல் சுவரில் துடைத்தாள்.

முடிவு வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், அறிவியலில் முப்பத்தொன்று. நாலு மதிப்பெண் போதவில்லை. அதுகளுக்கு எதற்குப் படிப்பு என்று காரியக்காரர் சொன்னார். நம்ம கடமைய நாம செஞ்சாச்சு என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கால்சியத்தை மட்டும் நான் திருத்தியிருந்தால் என்று கொஞ்ச நாள் குறுகுறுத்தது. ஆனால் சட்டப்படி நடந்துகொண்டேன், சொன்னதை மட்டும் எழுதினேன் என்று கூடப் படித்த பெண்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

நான் பத்தாவதுக்குப் போன அடுத்த மாதம் அதே டீச்சர் இதயப் பாடத்தை எடுத்தார். படத்தைச் சுவரில் மாட்டினார். படம் நான் வரைந்தது போலவேதான் இருந்தது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு குச்சியை எடுத்து, இது எதிர்ல நிக்கிற ஆளோட இதயம்னு நெனச்சுக்குங்க, நம்ம வலது கைப் பக்கம் இருக்கறது அவரோட இடது, இங்கதான் வருஷா வருஷம் கோட்டை விடறீங்க என்றார்.

நான் தப்பாகக் குறித்திருக்கிறேன், சரி. அவள் பதிலையும் ஏன் அதே மாதிரித் தப்பாகச் சொன்னாள்? சுத்த ரத்தம் இடது பக்கம் வரும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாடம் தெரியாதவளா அவள்? கண்ணை மூடி மூடி யோசித்தது நினைவுக்கு வந்தது. அவள் தனக்குத் தெரிந்ததை ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள். என் படத்தோடு ஒத்துப் போவதற்காக.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எழுதிப் போடுங்கள், தப்பு என்னுடையது என்று அழுதேன். அவர் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிச் சுருட்டினார். சொன்னபடிதான் எழுதினாங்கன்னு அவளே கைநாட்டு வச்சிருக்காளே, இனிமே யார் கேப்பாங்க என்று மட்டும் சொன்னார்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எங்கள் வயலுக்குப் போனேன். நடவு ஆட்களின் வரிசையில் கடைசியில் அவள் நின்றாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு மடங்கவில்லை. நாற்று முடியை அந்தக் கையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் நட்டுக்கொண்டிருந்தாள், அதனால் மற்றவர்களுக்கு ஓர் எட்டுப் பின்னால் இருந்தாள். நான் அவள் எதிரில் வரப்பில் உட்கார்ந்தேன்.

"அக்கா, படம் தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அக்கா என்றதும் வரிசையே நிமிர்ந்து பார்த்தது. அவள் முதலில் தூரத்தில் காரியக்காரரின் குடை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"தெரியுங்க" என்றாள்.

"அப்ப என்னை அழிக்கச் சொல்லியிருக்கலாமே."

குனிந்து இரண்டு குத்து நாற்று நட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஒங்ககிட்ட போயி அழிங்கன்னு எப்படிங்க பாப்பா சொல்றது?"

அக்டோபரில் மறுபடி எழுதலாம், அறிவியல் மட்டும்தானே, கை சரியில்லை என்றால் நானே வந்து எழுதுகிறேன், இந்தத் தடவை என்னைத் திட்டிக்கூட எழுத வையுங்கள் என்று என்னவெல்லாமோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீடு சீர்காழிப் பக்கம் என்றாள். அந்த நர்ஸ் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள், என்னிடம் சொல்வது போல இல்லை.

வெயிலில் அங்கே என்ன வேலை, ஏறி வாங்க பாப்பா என்று காரியக்காரர் குரல் கொடுத்தார். நான் எழுந்தேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"வரப்பு வழுக்கும் பாப்பா. பாத்துப் போங்க" என்றாள்.

ஆனி மாதக் கடைசி. வாய்க்காலில் தண்ணீர் வந்து, வரப்புக்கெல்லாம் புதுச் சேறு பூசியிருந்தார்கள். வழுக்கத்தான் செய்தது. இரண்டு இடத்தில் கால் நிற்காமல் தடுமாறினேன். மாசி மாதத்தில் இதே வரப்பில் எத்தனையோ தடவை செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன். காய்ந்து வெடித்துக் கிடக்கும், உள்ளங்காலில் குத்தும். மாசியில் அங்கே யாரும் வழுக்கி விழ முடியாது.